புகையிலை எழுதிய கொட்டகைகள்: பழைய விளம்பரத்தின் மேல் மறுபடி வண்ணம் பூசலாமா?

ஒஹாயோ மாநிலத்தின் கிழக்கிலும் பக்கத்து மேற்கு வர்ஜீனியாவிலும் பழைய கிராமச் சாலைகளில் போனால், ஏதாவது ஒரு வளைவில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய மரக் கொட்டகை எதிரே வந்து நிற்கும். சுவர் முழுக்க எழுத்து. ‘சூ மெயில் பவுச் டொபாக்கோ’ என்று மஞ்சளிலும் வெள்ளையிலும் பெரிதாக. அதன் கூடவே, ‘உங்களுக்கு நீங்களே உயர்ந்ததை வாங்கிக் கொடுங்கள்’ என்ற பொருளில் இன்னொரு வரி. மெல்லும் புகையிலைக்கான விளம்பரம். எழுதச் சொன்ன நிறுவனம் எப்போதோ கைமாறிவிட்டது. எழுதியவர்கள் இறந்துவிட்டார்கள். எழுத்து நிற்கிறது, சில இடங்களில் போன மாதம் எழுதியதுபோல் பளிச்சென்று, சில இடங்களில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கலாக.

மங்கியதை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ‘கை வைக்காதீர்கள், மேலே பெயின்ட் அடித்தால் மூலம் போய்விடும்’ என்பது ஒன்று. ‘இன்னும் கொஞ்ச காலம் போனால் பார்ப்பதற்கே எதுவும் இருக்காது, இப்போதே அடியுங்கள்’ என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் என் காரணம் வேறு. இந்த விளம்பரங்களுக்கு ‘மூலம்’ என்று ஒன்று இருந்ததே இல்லை. பிறந்த நாளிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி எழுதப்பட்டவை இவை. வாசலில் போடும் கோலத்துக்கு நேற்றைய கோலம் மூலப்படி ஆவதில்லை. போடும் கை நின்றுபோனால்தான் கோலமும் நின்றுபோகும். கொட்டகை விளம்பரத்தின் கதையும் அதுதான். அது எப்படி எழுதப்பட்டது, யார் கூலி கொடுத்தார்கள், அந்த ஏற்பாடு எங்கே அறுந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் கொட்டகையைப் பற்றி. அமெரிக்க விவசாயிகள் ‘பார்ன்’ என்று சொல்வதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல் கிடையாது. கீழே மாட்டுத் தொழுவம், மேலே வைக்கோல் பரண், ஓரத்தில் தானியம் கொட்டும் அறை, எல்லாம் ஒரே கூரைக்குள். பனிக்காலம் முழுவதும் மாடு வெளியே மேய முடியாத நாட்டில், அத்தனை மாதத் தீவனத்தையும் உள்ளே அடைத்து வைக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று மாடி உயரம். அறுத்த பலகைகளைச் செங்குத்தாக வைத்து அடித்த சுவர்கள். ஜன்னல் மிகக் குறைவு. சாலைப் பக்கம் திரும்பி நிற்கும் இப்படி ஒரு சுவர் விளம்பரக்காரன் கண்ணில் பட்டால் விடுவானா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாக்டர் பியர்ஸ் என்ற பெயரில் விற்ற மருந்துகளும் புல் டர்ஹம் புகையிலையும் ஏற்கெனவே சுவர்களைப் பிடித்துவிட்டிருந்தன.

பிளாக் சகோதரர்கள், ஆரனும் சாமுவேலும், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் 1879இல் புகையிலைத் தொழிலில் இறங்கினார்கள். முதலில் செய்தது ‘ஸ்டோகி’ என்ற மெலிந்த நீளச் சுருட்டு. சுருட்டு சுற்றும்போது விழுந்த வெட்டுத் துண்டுகளை வீணாக்காமல், இனிப்பும் மணமும் சேர்த்துப் பையில் கட்டி மெல்லும் புகையிலையாக விற்றார்கள். அந்தப் பைதான் மெயில் பவுச். வீலிங்கைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் வெடிக்கும் வாயு உண்டு, தீக்குச்சி உரச முடியாது, புகைக்க முடியாது, மெல்லலாம். வாடிக்கையாளர்கள் கீழே பூமிக்குள் இருந்தார்கள், விளம்பரம் மேலே கொட்டகைச் சுவரில் ஏறியது. 1890களின் தொடக்கத்தில் தொடங்கிய வேலை ஏறத்தாழ நூறு ஆண்டு நடந்தது. உச்சத்தில் இருந்த 1960களின் தொடக்கத்தில், 22 மாநிலங்களில் சுமார் 20,000 மெயில் பவுச் கொட்டகைகள் இருந்ததாகக் கணக்கு.

விவசாயிக்கு இதில் என்ன கிடைத்தது? ஆரம்ப நாட்களில் ஆண்டுக்கு 1 அல்லது 2 டாலர். அந்தத் தொகைக்காக யாரும் சுவரை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள். உண்மையான கூலி பெயின்ட்தான். இத்தனை பெரிய மரக் கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது பால் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பெரும் செலவு. பல கொட்டகைகள் வண்ணமே காணாமல் சாம்பல் நிறத்தில் நின்றதற்குக் காரணம் அதுதான். ‘சாலையைப் பார்க்கும் சுவரை எங்களுக்குக் கொடுங்கள், கொட்டகைக்கு நாங்கள் பெயின்ட் அடிக்கிறோம்’ என்றது நிறுவனம். எழுத்து மங்கினால் விளம்பரம் செத்துவிடும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களே திரும்பி வந்து மறுபடி அடித்தார்கள். பண்டமாற்று என்றாலே இதுதான்: சுவருக்குப் பெயின்ட், பெயின்டுக்குச் சுவர். இரு தரப்புக்கும் தேவை இருந்தவரை எழுத்து தானாகவே புதுப்பிக்கப்பட்டது. யாரும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை உச்சரிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதிய கைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும் என்றால் அது ஹார்லி வாரிக்கின் கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946இல் படையிலிருந்து ஒஹாயோவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். அந்தச் சமயத்தில் மெயில் பவுச் எழுதும் ஆட்கள் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆள் வேண்டும், வருகிறாயா என்றார்கள். ஜெர்சி மாடுகளைக் காலையும் மாலையும் கறப்பதைவிட இது தேவலை என்று கிளம்பியவர், 1990களின் தொடக்கத்தில் ஓய்வு பெறும்வரை தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 2000இல் இறந்தார். அவர் எழுதியவையும் மறுபடி எழுதியவையுமாகச் சேர்த்து ஏறத்தாழ 20,000 என்கிறார்கள். இந்த எண்ணில் கவனிக்க வேண்டியது ‘மறுபடி எழுதியவை’ என்ற பகுதி. அவர் வாழ்நாள் வேலையின் பெரும்பங்கு தன்னுடைய பழைய எழுத்தின் மேலும், தனக்கு முந்தியவர்களின் எழுத்தின் மேலும் தூரிகை ஓட்டியதுதான்.

எப்படி எழுதினார் என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. வழக்கமாக இரண்டு பேர். கூரை விளிம்பிலிருந்து கயிறும் கப்பியும் போட்டுத் தொங்கவிட்ட பலகைச் சாரம். பழைய எழுத்தையும் சேர்த்துச் சுவர் முழுவதும் பின்னணி வண்ணம், கறுப்போ சிவப்போ. பிறகு எழுத்து. அச்சுத் தாள் கிடையாது, வெட்டிய தகரம் கிடையாது. எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் மட்டும் குறித்துக்கொள்வார், மற்றதெல்லாம் கண்ணளவு. ‘சூ’ என்ற முதல் சொல்லை ஆங்கிலத்தில் எழுத நான்கு எழுத்து: சி, எச், இ, டபிள்யூ. அவர் எப்போதும் நடுவிலிருக்கும் ‘இ’யில்தான் தொடங்குவார். அதிலிருந்து பின்னோக்கி ‘எச்’, பிறகு ‘சி’, கடைசியில் ‘டபிள்யூ’. உள்ளிருந்து வெளியே போனால் சொல் சுவரின் ஒரு பக்கமாகச் சரியாது என்பது பெரிய எழுத்து எழுதுபவர்களுக்குப் புரியும். சாரத்தில் தொங்குபவருக்குத் தான் எழுதும் எழுத்து முழுதாகத் தெரியவே தெரியாது. மூக்குக்கு எதிரே ஒரு பட்டை வண்ணம் மட்டும்தான் தெரியும். சாலையிலிருந்து பார்ப்பவனின் கண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கை ஓட வேண்டும். சுமார் ஆறு மணி நேரத்தில் ஒரு கொட்டகை முடிந்துவிடும்.

இதே காலத்தில் தெற்கே இன்னொரு கை ஓடிக்கொண்டிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் லுக்அவுட் மலையில் கார்னெட் கார்ட்டர் என்பவரும் அவர் மனைவி ஃப்ரீடாவும் 1932இல் ராக் சிட்டி என்ற பாறைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மலை உச்சிக்கு யார் வருவார்? கிளார்க் பையர்ஸ் என்ற இளைஞரை அனுப்பி, ‘ராக் சிட்டியைப் பாருங்கள்’ என்று கொட்டகைகளில் எழுதவைத்தார்கள். சுவரைவிடக் கூரையே அவருக்குப் பெரிய பலகை. சரிவில் நின்றுகொண்டு கறுப்பின் மேல் வெள்ளையில் எழுதினார். 1930களின் நடுவிலிருந்து 1960களின் இறுதிவரை, 19 மாநிலங்களில் சுமார் 900 கொட்டகைகள். விவசாயிக்குக் கொடுத்தது கொஞ்சம் பணம், இலவச நுழைவுச்சீட்டு, ராக் சிட்டி பெயர் பொறித்த வெப்பமானி போன்றவை. வேலையின்போது மின்சாரம் பாய்ந்து உயிர் தப்பிய பிறகு பையர்ஸ் ஓய்வுக்குப் போனார். இந்தக் கதையில் ஒரு வேறுபாடு உண்டு: விளம்பரப்படுத்திய பொருள் இன்னும் அதே மலையில் இருக்கிறது. அதனால் மிஞ்சிய கொட்டகைகளில் சிலவற்றுக்கு ராக் சிட்டியே இன்றும் பெயின்ட் அடித்துவருகிறது. பண்டமாற்று அறுந்துபோகவில்லை என்றால் எழுத்தும் அறுந்துபோவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மெயில் பவுச்சுக்கு அது அறுந்தது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்குச் சட்டம் வந்தது. கார்கள் புதிய சாலைக்குப் போயின, கொட்டகைகள் பழைய சாலையில் நின்றுவிட்டன. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு 1965 அக்டோபர் 22ஆம் தேதி, நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முனைந்து நின்று கொண்டுவந்த சட்டம் அது. முக்கிய நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 660 அடிக்குள் இருக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவும் அகற்றவும் வழிசெய்தது. குறி வைத்தது வரிசையாக முளைத்த விளம்பரத் தட்டிகளை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கொட்டகை எழுத்தும் தட்டிதான். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம், எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதன் மேலேயே கறுப்பு பூச வைத்திருக்கும்.

1974ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைத் தடுத்தது. சட்டம் வந்த நாளில் முறைப்படி இருந்தவை, வரலாறோ கலையோ சார்ந்த மதிப்புள்ளவை, பண்ணைக் கட்டடங்களிலோ பாறைகளிலோ எழுதியவை: இவற்றை அடையாளச் சின்னங்கள் என்று மாநிலம் தீர்மானித்தால், மத்திய அரசின் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளலாம் என்றது. இதில் நான் பாராட்டுவது ‘பண்ணைக் கட்டடங்கள்’ என்று பெயர் சொல்லியே எழுதியதை. அதே சமயம் திருத்தம் அனுமதியை மட்டுமே கொடுத்தது, பெயின்ட் டப்பாவைக் கொடுக்கவில்லை. வாரிக் ஓய்வு பெற்றதும் நிறுவனத்தின் வேலை நின்றது. அன்றிலிருந்து, புகையிலை விற்பதற்காக நிறுவனம் கொடுத்த பெயின்டுக்குப் பதிலாக, சுவரின் சொந்தக்காரர் தன் கைப்பணத்தில் அந்தப் புகையிலையின் பெயரை எழுத வேண்டிய நிலை. ஏற்பாடு தலைகீழாகிவிட்டது.

இப்போது ஒருவர் மறுபடி எழுத முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என் யோசனை, முதலில் சுவரைப் பார்க்க வேண்டாம், கூரையைப் பார்க்கட்டும். விஸ்கான்சினிலுள்ள அரசின் வனப்பொருள் ஆய்வகம் சொல்லும் ஒரு கணக்கு எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. வண்ணமே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பைன் போன்ற மென்மர மேற்பரப்பு, நூறு ஆண்டில் தேய்வது சுமார் 6 மில்லிமீட்டர்தான். ஓர் அங்குலப் பலகைக்கு அது நான்கில் ஒரு பங்கு. ஆக, பெயின்ட் உரிந்ததால் கொட்டகை விழுவதில்லை. தகரம் ஒன்று பறந்து, அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி, உத்தரம் உளுத்து, முகடு உட்கார்ந்து விழுகிறது. கல் அடித்தளம் நகர்ந்து விழுகிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே புது எழுத்து எழுதுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். ‘விளம்பரம் கொட்டகையைக் காப்பாற்றியது’ என்று அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. வண்ணம் பலகையைக் காத்தது. கூரையைக் காத்தது அங்கே மாடு கட்டியிருந்ததுதான். வைக்கோலை இயந்திரம் பெரிய உருளையாகச் சுருட்டி வயலிலேயே போட்டுவிடும் காலம் வந்ததும் பரண் காலியானது. காலியான கொட்டகையின் கூரையை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

அடுத்தது பழைய வண்ணம். பழைய வெள்ளை எழுத்துகளில் ஈய வெள்ளை கலந்திருப்பது வழக்கம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். இந்த ஈயம்தான் ஒரு விநோதத்தையும் உண்டாக்குகிறது. ஈய வெள்ளை மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காக்கிறது, சுற்றியுள்ள கறுப்பு முதலில் கழன்று அங்கே மரம் தேய்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து எழுத்து இருந்த இடம் மட்டும் நூலளவு மேடாக நிற்கிறது. நிறம் முற்றிலும் போன பிறகும் சாய்வெயிலில் எழுத்து தெரிவதற்குக் காரணம் இந்த மேடு. அதையே தடம் பிடித்து எழுதலாம். ஆனால் அந்தச் சுவரை மணல் பீய்ச்சியோ, வேகத் தண்ணீர் அடித்தோ சுத்தம் செய்தால் இரண்டு தவறு ஒரே நேரத்தில் நடக்கும்: தடம் அழியும், ஈயத் தூசு மண்ணில் இறங்கும். பழைய பெயின்ட் செதிலை நக்கி மாடுகள் ஈய நஞ்சால் சாவது பண்ணை மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். கழன்றதை மட்டும் ஈரப்படுத்திக் கையால் சுரண்டி, கீழே விரித்த தார்ப்பாயில் பிடித்து, அகற்ற வேண்டிய முறையில் அகற்ற வேண்டும். வேலை மெதுவாகும். ஆகட்டும்.

எந்த எழுத்தைத் திரும்ப எழுதுவது என்ற கேள்வி அதைவிடக் கடினம். ஒரே சுவரில் வெவ்வேறு காலத்து விளம்பரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மெயில் பவுச்சிலேயே, இரு ஓரங்களிலும் மெல்லிய நீலக்கோடு போட்ட வகை உண்டு, கோடு இல்லாதது உண்டு. கறுப்புப் பின்னணியும் உண்டு, சிவப்பும் உண்டு. புகைப்படத்தில் பார்த்த ‘அழகான’ வடிவத்தை எடுத்து எல்லாச் சுவரிலும் ஒட்டுவதுபோல் எழுதினால், ஒவ்வொரு கொட்டகையும் தன் சொந்தக் கதையை இழந்துவிடும். அந்தச் சுவர் கடைசியாக எதைச் சுமந்ததோ அதையே எழுத வேண்டும் என்பது என் கட்சி. கணினியில் வெட்டிய அச்சு வைத்து எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன். வாரிக்கின் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கவில்லை. நம்மைக் கவர்வதும் அதுதான். இரண்டு எழுத்து அடையாளம் மாறாமல் இருந்தால் அது தொழிற்சாலைப் பலகை.

இரண்டு எழுத்துகள் ஒன்றின் வழியாக மற்றொன்று தெரியும்படி மங்கிய சுவர் இருந்தால், அங்கே நான் முதல் கட்சிக்கு மாறிவிடுகிறேன். மரம் தாங்கும் என்றால் அதை அப்படியே விடுவது நல்லது, படம் எடுத்து அளந்து வைத்துக்கொண்டு. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதைக் கொல்ல வேண்டும். அதேபோல, எப்போதுமே மெயில் பவுச் இல்லாத கொட்டகையில், ஏன் புதிதாகக் கட்டிய ஷெட்டில்கூட, பழைய பாணியில் அதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனாலும் அது பொய். 1965இல் அங்கே இருந்த எழுத்துக்குத்தான் சட்டம் இடம் கொடுத்தது. அந்தத் தேதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது: நடந்ததைக் காப்பாற்றலாம், நடக்காததை நடந்ததாக்க முடியாது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்க முடியாது. இது புகையிலை விளம்பரம். வெற்றிலையோடு புகையிலை போட்டு வாய்ப்புற்றுநோய் வந்தவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு, ‘மெல்லுங்கள்’ என்று ஆள் உயரத்துக்கு மேல் எழுதியிருப்பதை அழகு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையற்ற புகையிலையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஒரு விவசாயக் குடும்பம் சொன்னால், அவர்கள் வீட்டில் அந்த நோய் புகுந்திருந்தால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அழித்துவிடுவதைவிட வைத்திருப்பதே மேல் என்று நினைக்கிறேன். ஒரு நாட்டின் கிராமங்கள் முழுவதும் இதை ‘உயர்ந்தது’ என்று மூன்று தலைமுறைக்கு எழுதிக் காட்டினார்கள் என்பதற்குச் சுவரைவிட வலுவான ஆதாரம் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் அதை விளக்கி ஒரு சிறு பலகை வைத்துவிட்டு எழுதட்டும்.

எழுத கை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் இருநூறாவது ஆண்டு 2003இல் வந்தது. அதை முன்னிட்டு மாநிலத்தின் 88 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒரு கொட்டகையில் விழாச் சின்னத்தை எழுத முடிவு செய்தார்கள். எழுதியவர் ஸ்காட் ஹேகன், வாரிக் வாழ்ந்த அதே பெல்மான்ட் மாவட்டத்து இளைஞர், வாரிக்கிடமே நுணுக்கம் கேட்டுக்கொண்டவர். 1990களின் இறுதியில் தொடங்கி 2002இல் முடித்தார். ஐந்தாண்டு வேலையில் அந்தக் கைக்குக் கிடைத்த பயிற்சி, பழைய விளம்பரங்களைத் திரும்ப எழுதவும் பயன்பட்டது. அரசு கொடுத்தது ஒரு சின்னத்துக்கான கூலிதான். காப்பாற்றியதோ பெரிய எழுத்தைச் சாரத்தில் தொங்கிக்கொண்டு கண்ணளவில் எழுதும் வித்தையை. வெறும் மானியத்தைவிட இப்படிப்பட்ட வேலை வாய்ப்பு நூறு மடங்கு உபயோகம்.

மெயில் பவுச் கொட்டகைகள் சிலவற்றில், கூரை முகட்டுக்குச் சற்றுக் கீழே, சாலையிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாத உயரத்தில், எழுதியவர்களின் பெயரின் முதலெழுத்துகள் சிறியதாக இருக்கும். மறுபடி எழுதுகிறவர் அதற்கு மேல் பூசிவிடாமல், அதன் கீழே தன் முதலெழுத்தையும் ஆண்டையும் எழுதிவிட்டு இறங்கலாம்.